பல்லைக் காத்தவர்கள் இழந்த விரல்கள்

தர்மபுரி மாவட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கறை படிந்த பற்கள்தான். நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருந்த ஃபுளோரைடு பல தலைமுறைகளின் பற்களைப் பழுப்பாக்கியது. அதைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013ல் அது தொடங்கி வைக்கப்பட்டது.

பல் நோயாளியைப் பற்றி இப்படி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்களே, டாக்டரும் உதவியாளரும், அவர்கள் உடம்புக்கு என்ன ஆகிறது? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் சோகமான வரலாறு!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். 1885ல் ஒரு பெண்ணை உதவியாளராக வேலைக்கு வைத்துக் கொண்டவர். பல் உதவியாளர் என்ற தொழிலின் தொடக்கமாக அமெரிக்காவில் இதைத்தான் சொல்கிறார்கள். 1895ல் ராண்ட்ஜென் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கெல்ஸ் அதைப் பல்லுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டிப் பார்ப்பார். கதிர் சுடவில்லை, வலிக்கவில்லை. அதனால் ஆபத்து தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கையில் புற்றுநோய் வந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்தார்கள், பிறகு கையையும் எடுத்தார்கள். வலி தாங்காமல் 1928ல் தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டார். இன்று எக்ஸ்-ரே எடுக்கும்போது பணியாளர் தள்ளிப் போய் நிற்பதற்குப் பின்னால் கெல்ஸ் போன்றவர்களின் கைகள் இருக்கின்றன.

அடுத்தது பாதரசம். சொத்தைப் பல்லில் வைக்கும் 'சில்வர் ஃபில்லிங்'கில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். அளந்து அடைத்த கேப்ஸ்யூல்கள் வருவதற்கு முன்பு, உலோகத் தூளையும் பாதரசத்தையும் சிறு கல்வத்தில் போட்டு அரைத்தார்கள். மிஞ்சியதைத் துணியில் வைத்துப் பிழிந்தார்கள். பெரும்பாலும் இது உதவியாளர் வேலை. கீழே சிந்திய துளிகள் காற்றில் ஆவியாகும். அதை நாள் முழுக்கச் சுவாசித்தால் கை நடுங்கும், ஞாபகம் குறையும். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் ஆய்வகத்தில் பாதரச ஆவியால் தானே பாதிக்கப்பட்டு, 1926ல் இதைப் பற்றி எச்சரித்தார். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் உருவானது 2013ல். இந்தியா அதை ஏற்றது 2018ல். எச்சரிக்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 87 ஆண்டுகள்!

மூன்றாவது ரத்தம். 1980கள் வரை உலகெங்கும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் கையுறை இல்லாமல்தான் வாய்க்குள் கை வைத்தார்கள். ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் ஆபத்து அப்போதே இருந்தது. ஆனாலும் எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் கையுறை வழக்கமானது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986ல் கண்டறிந்தது சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அமெரிக்காவில் 1981லேயே அனுமதி பெற்றுவிட்டது. இங்கே அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1997ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது.

கழுத்து வலி, முதுகு வலி கதை தனி. அந்தக் காலத்தில் நின்றுகொண்டே, குனிந்துகொண்டே வேலை செய்தார்கள். 1950களின் இறுதியில் நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலி வந்தது, டாக்டர் உட்கார்ந்தார். ஆனாலும் வலி விடவில்லை. சின்ன வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித்தானே ஆகவேண்டும்?

இந்த நான்கிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் உடம்பு கெடுகிறது, அறிவு பிறகு வருகிறது, பாதுகாப்பு கடைசியில் வருகிறது. அந்தப் பாதுகாப்பும் டாக்டரைத் தாண்டி உதவியாளரை அடைவது இன்னும் தாமதம். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் டாக்டர், பல் சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக் ஆகியோரைப் பதிவேட்டில் சேர்த்தது. பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவருக்கு அதில் இடமில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவரின் நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஒரு ஜோடி கையுறை, மூன்று தவணை தடுப்பூசி, எக்ஸ்-ரே நேரத்தில் தள்ளி நிற்க ஓர் இடம். சிறிய ஊர் கிளினிக்குக்குக்கூட இது பெரிய செலவு இல்லை. கெல்ஸ் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை!