நீரிழிவும் கால் வீக்கமும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் நோக்கில்

நீரிழிவு உள்ளவர்களின் பாதம், கணுக்கால், கெண்டைக்கால் ஆகிய பகுதிகளில் நீர் கோத்தோ அழற்சியாலோ வீக்கம் ஏற்படுவதுண்டு. இது தனி நோயன்று. சிறுநீரகம், இதயம், சிரைகள், நரம்புகள், மூட்டுகள் ஆகியவற்றில் ஏதோ பழுது இருப்பதை அது காட்டுகிறது. சில வேளை உட்கொள்ளும் மருந்தே காரணமாகவும் இருக்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் இந்நோய் உள்ள பெரியவர்களின் விகிதம் 14.4 சதவீதம்.

வேலையும் வீக்கமும்

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளை அழுத்தி, கீழே தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றாலும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலும் இந்த இயக்கம் குறைந்து, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தங்குகிறது. பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங் ஆட்கள் பெரும்பாலும் நின்றே வேலை பார்க்கிறார்கள். பவர்டேபிள், ஓவர்லாக் டெய்லர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், இப்படியே கழியும். மாலையில் கொலுசின் தடம் தோலில் பதிந்திருக்கும். காலையில் தளர்ந்திருந்த மெட்டி விரலை இறுக்கும்.

"நின்னு நின்னு வேலை செஞ்சா கால் வீங்கத்தானுங்க செய்யும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வேலையால் மட்டும் வரும் வீக்கம் இரவு காலை உயர்த்திப் படுத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். விடிந்த பிறகும் வடியாத வீக்கத்தை நீரிழிவு உள்ளவர் வேலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரு கால்களும் வீங்குதல்

முதலில் ஐயுற வேண்டியது சிறுநீரகத்தை. நாள்பட்ட நீரிழிவு சிறுநீரக வடிகட்டிகளைச் சிதைப்பதால் அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. உப்பும் நீரும் உடலில் தங்கி, கால்களும் காலையில் கண் இமைகளும் உப்புகின்றன. சிறுநீர் நுரைத்துப் போகலாம். படுத்தால் மூச்சு முட்டுவதும் நடந்தால் இளைப்பதும் சேர்ந்துகொண்டால் இதயச் செயலிழப்பைச் சோதிக்க வேண்டும்.

மருந்துகளும் வீக்கம் தரும். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கும். இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். நரம்பு எரிச்சலுக்கான பிரிகாபலினும் அப்படியே. இவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் உப்பைத் தேக்குவதோடு, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்குதல்

இது அவசரம். சிரைக்குள் இரத்தக் கட்டியோ தோலடிச் சீழ்த்தொற்றோ இருக்கலாம். நீரிழிவால் நரம்பு மரத்தவர்களுக்குச் சிறு காயமும் தெரியாது. ஏற்றுமதி நிறுவனங்களில் ஒடிந்த ஊசியின் துண்டுகளைத் தேடிச் சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டிவைப்பது வழக்கம். துணியில் ஒரு துண்டு சிக்கினாலும் சரக்கு திரும்பிவிடும். அத்தகைய கண்காணிப்பு இல்லாத சிறு யூனிட்டில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்காலில் ஏறும் ஊசிமுனையை, வீக்கம் வந்த பிறகே அவர் அறிவார். சாயப்பட்டறையில் ஈரத்தில் நிற்பவர்களுக்கு விரலிடுக்குச் சேற்றுப்புண் கிருமிக்கு வழிவிடும்.

வலி அதிகமில்லாமல், சிவந்து, சூடாக ஒரு பாதம் வீங்கினால் அது 'சார்கோ பாதம்' ஆக இருக்கலாம். மரத்துப்போன பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கி உருக்குலையும் நிலை இது. பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்ட்டின் சார்கோ 1868இல் இத்தகைய மூட்டுச் சிதைவை விவரித்தார். நீரிழிவோடு அதற்குள்ள தொடர்பை 1936இல் வில்லியம் ரைலி ஜோர்டன் சுட்டிக்காட்டினார். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தோன்றலாம். மற்றப் பாதத்தைவிட 2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு இருப்பது முக்கியமான தடயம். மாவுக்கட்டுப் போட்டுப் பல மாதம் பாரம் ஊன்றாமல் இருந்தால் பாதத்தைக் காப்பாற்றலாம். வலி இல்லையே என்று வேலைக்குப் போனால் உள்ளங்கால் வளைவு சரிந்து, அங்கே புண் வரும்.

சோதனையும் பராமரிப்பும்

கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பைக் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், நீர் கோத்திருக்கும் இடத்தில் குழி விழும். முற்றிய யானைக்கால் நோயில் குழி எளிதில் விழாது. சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின், ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, சிரைகளுக்கான டாப்ளர் ஆகியவை காரணத்தைக் காட்டும். 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

காரணத்தைக் குணப்படுத்துவதே வீக்கத்திற்கு மருந்து. நீர் பிரியும் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. தமனி அடைப்பு உள்ள காலில் இறுக்கமான காலுறை இரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும் என்பதால், இரத்த ஓட்டத்தைச் சோதித்த பின்பே அணிய வேண்டும். வீங்கிய விரலில் இறுகும் மெட்டியை உடனே கழற்ற வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருப்பது நல்லது; ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், வேலையிடத்திலும் செருப்பு அணிவதும், இடையிடையே எழுந்து நடப்பதும் அவசியம்.

சட்டமும் மருத்துவ வசதியும்

நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறியது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கால் இழப்பைத் தடுக்க 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் அரசால் நடத்தப்படுகிறது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ திட்டம் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. அதற்குக் குறைவான ஆட்களோடு ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் தொழிலாளர் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய பீஸ் ரேட் கூலி போகிறது என்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் இவர்களே. கால் பரிசோதனையைப் பட்டறை வாசலுக்கே கொண்டுசெல்வது இவர்களுக்குத்தான் முதலில் தேவை.