ஆழ்கடல் ஊர்தியைத் தாங்கும் வடம்: வெளியே மினுங்கும், உள்ளே துருப்பிடிக்கும்

1968 ஒக்டோபர் 16. அமெரிக்காவின் நான்டக்கெற் தீவுக்குத் தெற்கே, அல்வின் என்ற சிறிய ஆழ்கடல் ஊர்தியை மூன்று பேருடன் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்தி இருந்த தொட்டிலைத் தாங்கிய உருக்கு வடங்களில் இரண்டு அறுந்தன. மேல்மூடி இன்னும் பூட்டப்படவில்லை. தண்ணீர் புகத் தொடங்கிய சில நொடிகளில் மூவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். ஊர்தி சுமார் 1,500 மீற்றர் ஆழத்தில் போய்க் கிடந்தது. மறு ஆண்டு அலுமினோட் என்ற இன்னொரு நீர்மூழ்கி கீழே சென்று, அதன் மூடித் துவாரத்தில் ஒரு தண்டைச் செருகியது. மேலே நின்ற மைசார் கப்பல் அதை இழுத்தெடுத்தது. வடம் அறுந்து மூழ்கிய ஊர்தி, இன்னொரு வடத்தைப் பிடித்துத்தான் மேலே வந்தது.

உள்ளே விட்டுவந்த மதியச் சாப்பாடு பத்து மாதமாகியும் பெரிதாகக் கெடாமல் இருந்ததுதான் அன்று அதிகம் பேசப்பட்டது. ஆழ்கடலில் நுண்ணுயிர்கள் எவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சிக்கு அந்தச் சான்ட்விச்சுகளே வழி திறந்தன. எங்கள் கவனம் வடத்தில்.

ஆழ்கடல் என்றதும் அழுத்தத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஊர்தியை இறக்கும்போதும் ஏற்றும்போதும்தான் வடத்துக்குப் பெரிய சோதனை. கப்பல் அலையோடு எழுந்து தாழும்; வடம் ஒரு கணம் தளரும், மறுகணம் சடாரென்று இறுகும். அந்த வெட்டிழுப்பு, ஊர்தியின் எடையைவிடப் பல மடங்கு சுமையை ஏற்றிவிடும். பல ஆளில்லா ஊர்திகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவை முழு நேரமும் வடத்தோடு பிணைந்திருக்கும். மின்சாரமும் படமும் போய்வருவது அதே வடத்தின் நடுவிலுள்ள செப்புக் கம்பிகளாலும் ஒளியிழைகளாலும்தான். அமெரிக்காவின் ஜேசன் ஊர்தி 6,500 மீற்றர் வரை இறங்கும். அதன் உருக்குக் கவச வடத்தின் தடிப்பு 0.68 அங்குலம் மட்டுமே. இவ்வளவு நீளமான வடத்துக்குத் தன்னுடைய எடையே பெரும் பாரம். அந்தப் பாரம் முழுவதும் கப்பலுக்குக் கிட்டவுள்ள மேல் பகுதியில்தான் விழும்.

உருக்கு வடம் ஒற்றைக் கம்பி அல்ல. பல கம்பிகளைத் திரித்தால் ஒரு புரி. பல புரிகளைத் திரித்தால் வடம். கப்பியின் மேல் வளையும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயுள்ள கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து நகரும். அதனால் வடத்தை ஓர் இயந்திரமாகவே நினைக்க வேண்டும். உராய்கிற இடத்துக்கு எண்ணெய் வேண்டும். கிறீஸ் இட்டால் தேய்மானம் குறையும், கடல்நீர் உள்ளே போகும் வழியும் அடைபடும். கம்பிகளில் பூசிய நாகம் துருவைக் கொஞ்சக் காலம் தாங்கும். அது கரைந்தபின் உப்பு நேரே உருக்கைத் தின்னும்.

பலர் தவறுவது இங்கேதான். தடித்த கிறீஸை வெளியே அப்பிவிட்டால் வடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈரமான வடத்தில் அப்படிப் பூசினால் உப்புநீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கம்பி உள்ளேயிருந்து அரிக்கும். அறுந்த கம்பியும் கிறீஸுக்கு அடியில் மறைந்துவிடும். அதைவிடக் கிறீஸ் இல்லாத வடமே மேல், குறைந்தது துருவாவது கண்ணில் படும்.

சரியான ஒழுங்கு இதுதான். வடம் மேலே ஏறி வரும்போதே நன்னீரால் கழுவி, காற்றடித்து ஈரத்தைப் போக்க வேண்டும். பழைய அழுக்கைத் தூரிகையால் எடுக்கலாம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவக் கூடாது. அவை நடுவில் மிஞ்சியிருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பிறகு ஊடுருவிச் செல்லும் மசகைப் பூச வேண்டும். பெரிய கப்பல்களில் வடத்தைச் சுற்றி றப்பர் அடைப்புள்ள ஒரு கவ்வியைப் பூட்டி, வடம் அதனூடாக ஓடும்போது கிறீஸை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அந்த அழுத்தம் நீரை வெளியே தள்ளிவிட்டுக் கிறீஸை நடுவரை கொண்டுபோகும். கவச வடமாயின், உள்ளேயுள்ள மின்கம்பி உறையைக் கெடுக்காத மசகாகவும் இருக்க வேண்டும். பூசியதில் ஒரு பங்கு எப்படியும் கடலில் கரையும். அதனால் அமெரிக்கா 2013 இல் வெளியிட்ட கப்பல் விதிகள், நீரில் மூழ்கும் வடங்களுக்கும் இயற்கையில் சிதையக்கூடிய மசகையே கேட்டன.

எவ்வளவு கிறீஸ் இட்டாலும் சின்னக் கப்பி வடத்தைக் கொன்றுவிடும். கப்பியின் விட்டம் வடத்தின் விட்டத்தைப் போல் குறைந்தது 40 மடங்கு இருக்க வேண்டுமென்று ஆய்வுக் கப்பல்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். உருளையில் சுற்றும்போதும் இழுவிசையோடுதான் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால், பாரம் ஏறியதும் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து கம்பிகளை நசுக்கும்.

சோதனை என்பது துணியால் துடைத்துவிட்டுப் பார்ப்பதோடு முடிவதில்லை. ஒரு முழத்துக்கு எத்தனை கம்பி அறுந்திருக்கிறது, விட்டம் எங்காவது மெலிந்திருக்கிறதா, புரிகளுக்கிடையே செம்மண் நிறத்தில் தூள் வருகிறதா, புரி விரிந்து கூடுபோல் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். செந்தூள் வந்தால் அரிப்பு உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். படகு இயந்திரத்தைத் தூக்கப் பழைய கம்பி வடம் வாங்குகிறவர்களும் இதைப் பார்த்து வாங்குவது நல்லது. ஊர்தியோடு பொருந்தும் நுனிப்பகுதிதான் மிக வேகமாகக் களைக்கும். ஆகவே குறித்த காலத்துக்கொரு முறை சில மீற்றரை வெட்டி எறிந்துவிட்டு, நுனியைப் புதிதாகக் கட்டி, பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். நல்ல வடத்தை வீணாக்குகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். வெட்டிய திகதி, நீளம், கிறீஸ் இட்ட நாள், ஏறிய உச்சச் சுமை எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

இப்போது பல இடங்களில் உருக்குக்குப் பதிலாகச் செயற்கை இழை வடங்கள் வந்துவிட்டன. இவை துருப்பிடிக்காது, நீரில் பாரமும் குறைவு. இவற்றுக்குக் கிறீஸ் தேவையில்லை, பூசினால் மணலைப் பிடித்துவைத்து இழையை அறுக்கும். காய்ந்த உப்புப் பளிங்குகளும் அப்படியே அறுக்கும். வெயிலும் இழையைப் பலவீனமாக்கும். எனவே நன்னீர்க் கழுவலும் நிழலும் இவற்றுக்கும் கட்டாயம்.

யப்பானின் கைகோ என்ற ஆளில்லா ஊர்தி 1995 இல் மரியானா ஆழியில் 10,911 மீற்றர் வரை இறங்கியது. அது இரண்டு கட்டமாகத் தொங்கும்: கப்பலிலிருந்து நீண்ட முதன்மை வடம், அதன் முனையில் ஓர் ஏவி, ஏவியிலிருந்து ஊர்திக்குக் குறுகிய இரண்டாம் வடம். 2003 மே 29 அன்று, சூறாவளி நெருங்கிவந்த வேளையில், ஷிக்கொக்கு தீவுக்கு அப்பால் அந்த இரண்டாம் வடம் அறுந்தது. ஏவி கப்பலுக்கு வந்து சேர்ந்தது. ஊர்தியைத் தேடியும் மீட்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அதன் இடத்துக்கு வந்த ஊர்தி 7,000 மீற்றர் வரை மட்டுமே இறங்கக்கூடியது.