பொறிப்பாவை

விசையாலோ எடையாலோ காற்றாலோ நீராலோ தானே இயங்குவதுபோலக் காட்டப்படும் மனித, விலங்கு, பறவை உருவம் பொறிப்பாவை எனப்படும். எந்திரப் பாவை, தானியங்கிப் பொம்மை என்றும் வழங்குவர். காரைக்காலை ஒட்டிய காவிரிக் கடைமடைக் கரையோடு தொடர்புள்ள செய்திகளும், அவற்றுக்குத் துணையான பிறவும் இங்குத் தொகுக்கப்படுகின்றன. மதில்மேல் வைத்த போர்ப்பொறிகள் சேர்க்கப்படவில்லை.

இலக்கியச் சான்றுகள்

காரைக்காலுக்கு வடக்கே இதே கரையில் இருந்த புகாரில் யவனத் தச்சர் வேலை செய்ததை மணிமேகலை குறிக்கிறது. பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவைவிளக்கு இருந்ததை நெடுநல்வாடை சொல்கிறது. பொறிக்கலையே யவனர் கொண்டுவந்ததுதான் என்பார்க்கு இவ்விரண்டும் கைகொடுப்பவை. ஆனால் அந்தப் பாவை கையில் அகலை ஏந்தி நின்றதே தவிர அசையவில்லை. கொல்லிமலைப் பாவையை எந்திரம் என்று விளக்குவோரும், தெய்வ உருவம் என்போரும் உள்ளனர்.

தெளிவான வருணனை சீவக சிந்தாமணியில் கிடைக்கிறது. கருவுற்ற அரசி விசயைக்காகச் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்பக்கம் திரித்தால் மயில் மேலே எழும். இடப்பக்கம் திரித்தால் கால் குவித்துத் தரையில் இறங்கும். யாழ் நரம்பு பழகிய விரல்களால் அவள் அதை இயக்கியதாக நூலாசிரியர் திருத்தக்கதேவர் காட்டுவது அழகு. முதலில் விளையாட்டாகப் பழகியதுதான் பின்னர் அவள் உயிரைக் காத்தது. உதயணன் கதையிலோ எந்திர யானை ஒன்று வருகிறது. அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள், யானைப் பித்தனான உதயணனைச் சிறைபிடித்தார்கள். இக்கதையைத் தமிழில் சொல்லும் பெருங்கதையின் முதற்பகுதியும் கடைப்பகுதியும் கிடைக்கவில்லை.

தாரா நகரத்துப் போஜனின் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் (11ஆம் நூற்றாண்டு) ஓர் அத்தியாயம் முழுவதையும் எந்திரங்களுக்கு ஒதுக்குகிறது. ஆடும் பாவை, காவல் நிற்கும் பாவை, பறக்கும் மரப்பறவை எல்லாம் உண்டு. செய்முறை மட்டும் இல்லை. தெரியாமல் அல்ல, மறைக்கவே சொல்லவில்லை என்கிறது நூல். நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு. இத்தகைய குறிப்புகளைத் திரட்டி 1950களில் சிறு நூலாக்கிய வே. ராகவன், காரைக்காலுக்குத் தென்மேற்கே உள்ள திருவாரூரில் பிறந்தவர்.

திப்புவின் புலி

தென்னிந்தியாவில் இயங்கிய பொறிப்பாவைகளில் கண்ணால் காணக் கிடைப்பது இது. ஐரோப்பிய உடையணிந்த ஒருவன் மல்லாந்து கிடக்க, அவன் கழுத்தில் வாய்வைத்துப் புலி மேலே நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஆளளவு. மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியவை. புலியின் தோளருகே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். கிடப்பவனின் இடக்கை ஏறி இறங்கும். அவன் தொண்டைக் குழாயிலிருந்து ஓலமும், புலியின் தலைக்குள்ளிருந்து உறுமலும் வரும். புலியின் பக்கத்துக் கதவைத் திறந்தால் தந்தப் பொத்தான்கள் பதித்த ஒரு சிறிய ஆர்கன் இருக்கிறது. உறுமும் வயிற்றுக்குள் பாட்டு வாசிக்கவும் இடம் வைத்த தச்சனின் மனப்போக்கு யாருக்கும் பிடிபடவில்லை.

மரவேலை உள்நாட்டது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர். உள்பொறி பிரெஞ்சுக்காரர் கைவேலையாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. 1787இல் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட திப்புவின் தூதுக்குழு, கடிகாரம் செய்வோர் முதலிய கைவினைஞரையும் கேட்டது. ஆனால் இந்தப் புலியோடு அவர்களை நேரே இணைக்கும் சான்று ஏதும் காட்டப்படவில்லை.

கிடப்பவன் யார் என்பதிலும் வழக்குண்டு. 1792இல் வங்காளத்துச் சாகர்த் தீவில் புலி அடித்துக் கொன்ற இளைஞன், தளபதி ஹெக்டர் மன்றோவின் மகன். அந்தச் சாவே இதற்குத் தூண்டுதல் என்று ஒரு சாரார் சொல்வர். இந்த மன்றோதான் 1781இல் காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பறித்தவர். புலி எப்படியும் திப்புவின் சின்னம்தானே, அதற்கு மன்றோ எதற்கு என்பது மறுசாரார் வாதம்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அரண்மனை இசைக்கூடத்தில் அகப்பட்ட புலி, 1808 முதல் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் காட்சிக்கு இருந்தது. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுற்றினார்கள். அங்கு நூலகத்தில் படிக்க வந்தவர்கள் ஓலம் தாளாமல் முறையிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து நொறுங்கியதைப் பின்னர் ஒட்டுப்போட்டனர். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கைபடாமல் இருக்கிறது.

ஐரோப்பாவில்

பிரெஞ்சுப் பொறிவல்லுநர் வோகான்சோன் குழலூதும் பாவையைப் பாரிசில் காட்டியது 1738இல். அடுத்த ஆண்டு அவருடைய எந்திர வாத்து வெளிவந்தது. அது தின்றது ஒன்று, கழித்தது வேறு என்று பின்னாளில் தெரிந்தது. அதே 1739இல்தான் காரைக்கால் பிரெஞ்சுக் கம்பெனி வசமாயிற்று. தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கத் தோன்றுகிறது. 1770இல் கெம்பெலன் காட்டிய சதுரங்கமாடும் 'துருக்கன்' மேசைக்குள் ஆள் ஒளிந்திருந்தான், உதயணன் கதை யானையைப் போலவே.

பிற்காலம்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு விசையே கிடையாது. ஒரு வகையில் அடிப்பாகம் களிமண்ணால் கனத்து உருண்டிருக்கும். எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். இன்னொரு வகையில் பாவாடை, உடல், தலை தனித்தனியே கம்பிமுனையில் உட்கார்ந்து ஆடும். விரலால் தொட்டால் போதும், நெடுநேரம் தலையசைக்கும். பொம்மலாட்டத்தில் பொறியின் இடத்தை ஆட்டுபவரே எடுத்துக்கொள்கிறார்: பாவையின் நூல்கள் அவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும். அவர் தலையசைக்கப் பாவை அசையும். பத்துக் கிலோ எடையுள்ள பாவைகளும் உண்டு.

ரோபோ என்ற சொல் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து பரவியது. தமிழில் சுஜாதாவின் எந்திர நாய் ஜீனோவும், 'எந்திரன்' (2010) படத்தின் சிட்டியும் பெயர்பெற்றவை. 2023இல் கேரளத் திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்றில், உயிருள்ள யானைக்குப் பதிலாக 800 கிலோ எடையுள்ள எந்திர யானை நிறுத்தப்பட்டது.

டெல்டாவின் சிறு கோயில்களில் முரசையும் மணிகளையும் மோட்டார் அடிக்கும் கருவி இப்போது சாதாரணம். கரங்களின் இடத்தில் சிறு சுத்திகள். தாளம் கொஞ்சம் அவசரமாகவே ஓடும். குருக்கள் வலக்கையில் தீபத்தட்டை எடுத்துக்கொண்டு இடக்கையால் சுவிட்சைத் தட்டுகிறார்.