மீன் யாருக்குச் சொந்தம்? - ஒரு அலாஸ்கா தூண்டில் புராணம்

2024 ஜூன் மாசம் அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருத்தர் படம் ஒண்ணு அனுப்பினார். அலாஸ்காவில் ஹோமர் என்கிற ஊரின் படகுத்துறை. பின்னாடி பனிமலை. ஒரு கட்டையில் வரிசையாகத் தட்டை மீன்கள் தொங்குது, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நம்மாள். எல்லாம் ஹாலிபட். "சரி, கிங் சால்மன் எங்கே? அதுக்குத்தானே லீவு போட்டுட்டுப் போனீங்க?"ன்னு கேட்டேன். "அதைப் பிடிக்கவே கூடாதாம். கெனாய் நதியில கிங்குக்குத் தடை போட்டுட்டாங்க"ன்னு பதில் வந்தது.

ஏன் தடைன்னு தேடப்போய் ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. என் தூண்டில் அனுபவம் ஊர்க்குளத்தில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடிச்சதோட சரி. அதனால நிபுணர்கள் மன்னிக்கவும் :-)

அந்தக் கடலோரத்தில் மே, ஜூன் மாசம்தான் திருவிழா. காரணம் எளிமையானது. ஹாலிபட் குளிர்காலத்தில் முட்டையிட ஆழ்கடல் சரிவுக்குப் போயிடும். கோடை தொடங்கும்போது இரை தேடிக் கரைப்பக்கம் வரும். சால்மனில் அஞ்சு வகை உண்டு. அதில் பெரியதான கிங், மற்ற வகைகளுக்கு முன்னாடியே நதிக்குத் திரும்ப ஆரம்பிக்கும். ஆக ஒரே நேரத்தில் ரெண்டும் கைக்கெட்டும் தூரத்தில். சாதனைகளின் தேதியைப் பாருங்க. தூண்டிலில் பிடிபட்ட கிங் சால்மனில் உலக சாதனை 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. 1985 மே 17 அன்று கெனாய் நதியில் லெஸ் ஆண்டர்சன் என்பவர் பிடிச்சது. பசிபிக் ஹாலிபட் சாதனை 459 பவுண்டு, 208 கிலோ. 1996 ஜூன் 11, டட்ச் ஹார்பர், ஜாக் ட்ராகிஸ். ஆண்டர்சன் மீனைப் பல மணி நேரம் கழிச்சுத்தான் எடை போட்டாங்களாம். உடனே போட்டிருந்தா நூறைத் தாண்டியிருக்கும்னு அந்த ஊர்ப் பக்கம் சொல்லிக்கிறாங்க. மீன் பிடிக்கிறவங்க எந்த ஊரிலும் ஒரே ஜாதிதான்.

ஹாலிபட் பிறக்கும்போது மற்ற மீன் மாதிரி நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர இடது கண் மெல்ல நகர்ந்து வலது பக்கம் வந்துடும். அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தரையோடு படுக்கை. அதைப் பிடிக்க ஹெர்ரிங் மீனை இரையாகக் கோத்து, கனமான ஈயக்குண்டு கட்டித் தரை வரைக்கும் இறக்கணும். ஹோமர் பக்கம் ஓதம் இருபது அடிக்கும் மேல ஏறி இறங்கும். அந்த இழுப்புக்குச் சின்ன குண்டெல்லாம் நிக்காது. ரொம்பப் பெருசா மாட்டினா, படகுக்குள் ஏற்றுவதற்கு முன்னாடியே ஈட்டியால் குத்துவாங்க, இல்லேன்னா துப்பாக்கியால் சுடுவாங்க. உயிரோட உள்ளே விழுந்தால் கால் எலும்பு போயிடும்.

இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே தென்கிழக்கு அலாஸ்காவின் டிலிங்கிட் மக்கள் மரத்தில் ஹாலிபட் முள் செஞ்சாங்க. ரெண்டு வகை மரத்துண்டு, ஒருபக்கம் சேர்த்துக் கட்டி, விரிஞ்ச கவட்டை மாதிரி. ஒரு துண்டில் எலும்பிலோ இரும்பிலோ கூர்முனை. இன்னொன்றில் செதுக்கிய உருவம், கீழே இருக்கும் மீனைப் பார்த்தபடி. இதில் என்னை அசத்தின விஷயம் அந்தக் கவட்டையின் இடைவெளி. சின்ன மீன் அதை வாயில் வாங்க முடியாது. ரொம்பப் பெரிய மீனுக்கும் அது தோதுப்படாது. நடுத்தர மீன் மட்டும்தான் மாட்டும். ஹாலிபட்டில் ரொம்பப் பெருசா வளர்வது அநேகமாக எல்லாமே பெண், முட்டை சுமப்பது. அதைக் கடலிலேயே விட்டுடுற கருவி. சட்டமும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம், அளவு முள்ளுக்குள்ளேயே இருக்கு!

இப்போ சால்மன் பக்கம் வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்குது.

1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது. 1878இல் அங்கே முதல் சால்மன் டப்பா ஆலைகள் வந்தன. பின்னாலேயே வந்தது மீன்பொறி. நம்ம ஊர்ப் பறி மாதிரி கூடைன்னு நினைச்சுடாதீங்க. கரையிலிருந்து கடலுக்குள் நீளமா ஒரு வேலி. கரையை ஒட்டி நீந்தி வரும் சால்மன் வேலியில் முட்டினால் திரும்பிப் போகாது. ஆழத்தைப் பார்த்து ஒதுங்கும். அங்கே ஒரு அறை, அதுக்குள் இன்னொரு அறை, கடைசியில் வெளியே வர வழியில்லாத வலைக்கிடங்கு. ராப்பகலா அது பாட்டுக்கு மீன் பிடிக்கும். காவலுக்கு ஒண்ணு ரெண்டு ஆள் போதும். பெரும்பாலான பொறிகளின் முதலாளிகள் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்த டப்பா கம்பெனிகள். உள்ளூர்க்காரனுக்கு மீனும் இல்லை, கூலியும் இல்லை.

ராத்திரியில் படகில் போய்ப் பொறியிலிருந்து மீனைத் திருடுவது ஒரு தொழிலாவே ஆச்சு. காவல்காரனுக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிடுவாங்க. ஊர் ஜனங்க அவங்களைத் திருடனா பார்க்கலை, கிட்டத்தட்ட ஹீரோவாத்தான் பார்த்தாங்க. நியாயமாப் படுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. எனக்குப் படுது.

ஏன் சட்டப்படி தடுக்கலை? அலாஸ்கா அப்போ மாநிலம் இல்லை, வெறும் பிரதேசம். மீன்வளம் வாஷிங்டன் கையில். காங்கிரசில் அவங்களுக்கு ஓட்டு இல்லை. கம்பெனிகளுக்கோ அங்கே செல்வாக்கு. 1948இல் பொறி வேணுமா வேண்டாமான்னு கேட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வேண்டாம்னு சொன்னாங்க. ஒண்ணும் நடக்கலை. 1936இல் 12 கோடிக்கும் மேல் சால்மன் பிடிச்ச கடலோரம் சரிய ஆரம்பிச்சு, 1953இல் ஐசன்ஹோவர் அதைப் பேரிடர் பகுதின்னே அறிவிச்சார்.

1955-56 குளிரில் மாநாடு கூட்டி, மாநிலம் ஆவதற்கு முன்னாடியே தங்களுக்கு ஒரு அரசியல் சட்டம் எழுதிக்கிட்டாங்க. இயற்கை நிலையில் இருக்கும் மீனும் விலங்கும் நீரும் மக்களின் பொது உபயோகத்துக்கு உரியவைன்னு அதில் ஒரு விதி. 1956 ஏப்ரல் 24 அன்று ஓட்டெடுப்பு. அரசியல் சட்டத்துக்கு ஆதரவு 17,447. அதே சீட்டில் மீன்பொறியை ஒழிக்கும் தீர்மானமும் இருந்தது. அதுக்கு ஆதரவு 21,285, எதிர்ப்பு 4,004. அரசியல் சட்டத்தைவிட மீன்பொறி ஒழிப்புக்கு ஓட்டு ஜாஸ்தி! 1959 ஜனவரி 3இல் மாநிலம் ஆனது, பொறிக்கும் தடை வந்தது. ஆனாலும் அந்த வருஷம் கிடைச்ச சால்மன் சுமார் 2.5 கோடிதான். மெட்லகட்லா என்ற பழங்குடி ஊர் மட்டும், தன் நிலமும் நீரும் மத்திய அரசு ஒதுக்கியதுன்னு வழக்காடி, பொறியைத் தக்க வைச்சுக்கிட்டது தனிக்கதை.

ஹாலிபட்டுக்கு வேற பாதை. அது ரெண்டு நாட்டுக் கடலிலும் திரியும் மீன். 1923 மார்ச் 2இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, மீன் முட்டையிடும் குளிர்காலத்தில் மூணு மாசம் பிடிப்பை நிறுத்தின. பிரிட்டிஷ் தூதரும் கூடக் கையெழுத்துப் போடணும்னு லண்டன் ஆசைப்பட்டது, கனடா மறுத்துடுச்சு. கனடா தனியாகக் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தமே ஒரு மீனுக்காகத்தான். அன்னைக்கு உருவான ஆணையம்தான் வருஷா வருஷம் எவ்வளவு பிடிக்கலாம்னு முடிவு பண்ணுது.

அந்த அளவுக்குள் அடக்க, 2012லிருந்து தென்கிழக்கு அலாஸ்காவில் வாடகைப் படகில் போகிறவர்களுக்கு ஒரு விதி: குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே இருந்தால் எடுத்துக்கலாம், இன்னொரு பெரிய அளவுக்கு மேலே இருந்தாலும் எடுத்துக்கலாம், நடுவில் இருப்பதைத் திருப்பி விடணும். டிலிங்கிட் முள்ளுக்கு நேர் எதிர்! பெரும்பாலானவங்களுக்குச் சின்னதுதான் கிடைக்கும், மொத்த எடை குறையும்ங்கிறது கணக்கு. கணக்கு சரியா இருக்கலாம். ஆனா அபூர்வமா மாட்டும் தாய்மீனைக் கொண்டுபோக அனுமதி இருக்கே, எனக்கு அது உறுத்துது.

கெனாய்க்குத் திரும்புவோம். பொறி போய் அறுபது வருஷத்துக்கும் மேல ஆச்சு, மீன் மக்களுடையதுன்னு சட்டத்திலேயே இருக்கு, ஆனா கிங் வரலை. வருகிறவையும் முன்னைவிடச் சின்னவை. 2023இல் கெனாயில் தூண்டில்காரர்களுக்குக் கிங் பிடிக்கத் தடை, 2024லும் தடை. 2023இல் அந்தக் கிழக்குக் கரையில் வலை கட்டும் குடும்பங்களையும் நிறுத்திட்டாங்க. அவங்க பிடிக்கிறது சாக்கை என்ற வேறு வகை சால்மன், அது நிறையவே வந்தது; ஆனா அதே வலையில் கிங்கும் சிக்கும். தூண்டில்காரன் வலைக்காரனைக் காட்டுறான், வலைக்காரன் தூண்டில்காரனைக் காட்டுறான், ரெண்டு பேரும் சேர்ந்து நடுக்கடல் இழுவைக் கப்பலைக் காட்டுறாங்க. கடலே மாறிப்போச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. சியாட்டில் கம்பெனின்னு ஒரே ஒரு எதிரியைக் கைகாட்ட முடிஞ்ச காலம் சுலபமா இருந்திருக்கும்.

நண்பர் அனுப்பின ரெண்டாவது படம் சொல்டோட்னா ஊர் சுற்றுலா மையத்தில் எடுத்தது. கெனாய் நதிக்கரை ஊர். ஆண்டர்சன் பிடிச்ச அந்த 97 பவுண்டு மீனை அங்கேதான் பதப்படுத்தி வெச்சிருக்காங்க. "நான் பார்த்த ஒரே கிங் இதுதான்"னு கீழே எழுதியிருந்தார்.

பி.கு.: நம்ம கடலிலும் ஹாலிபட்டுன்னு ஒண்ணு விற்கிறாங்க, எருமை நாக்கு மீன். அலாஸ்கா மீனுக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம். தரங்கம்பாடியில் கிடைச்சதை வெச்சு ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர்களின் 1801 நூல் அதுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியது. அந்தப் பெயரின் ரெண்டாவது பாதி நம்ம 'எருமை'யேதான்.