படத்தின் பின்புறம்

பத்திரிகைத் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம், ஒரு படம் கைக்கு வந்ததும் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது. எங்கே, எப்போது, யார் என்ற மூன்றும் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். வடபகுதிப் புகையிரதப் பாதை பற்றி நான் சேர்த்துவைத்திருக்கும் பழைய படங்களை அண்மையில் ஒழுங்குபடுத்தியபோது அந்தப் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

முதலாவது, ஒரு தபாலட்டை. யாழ்ப்பாண நிலையத்தின் முன்னே திருக்கல் வண்டிகள் நிற்கின்றன. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பாதை 1902 மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. தெற்கோடு இணையாத இந்தத் துண்டுப் பாதை, 1905 ஓகஸ்ட் முதலாம் திகதியே கொழும்பு வரையான நேரடிப் பாதையாயிற்று. அதற்கு முன் கொழும்பு செல்ல விரும்பியவர் கடலையோ வன்னிக் காட்டுப் பாதையையோ நம்ப வேண்டியிருந்தது. அரசாங்க எழுதுவினைஞர்களையும் சுருட்டு வணிகர்களையும் தெற்கே கொண்டுசென்று, யாழ்ப்பாணத்தின் வாழ்க்கை முறையையே மாற்றியது இந்தப் பாதை.

இரண்டாவது படத்தில் ஒரு டீசல் இயந்திரம். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாக வழங்கிய இயந்திரங்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. அவை வடக்குப் பாதையிலும் ஓடின. 1956 ஏப்ரலில் யாழ்தேவி சேவை தொடங்கியது. மேடையில் நின்று ஒன்ராறியோ என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்த சிறுவர்களில் எத்தனை பேர் பின்னாளில் அந்த மாகாணத்திலேயே குடியேறினார்களோ!

மூன்றாவது படத்தில் நிலையம் இருக்கிறது, தண்டவாளம் இல்லை. 1990 ஜூனில் சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. கூரையிழந்த நிலையச் சுவர்களுக்குள் செடிகொடிகள் வளர்ந்தன.

இம்மூன்று படங்களிலும் இடம் தெரிகிறது. காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். மனிதர்கள்தாம் தெரியவில்லை. தபாலட்டைகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பயணிகளுக்கு விற்பதற்காக அச்சிடப்பட்டவை. வண்டிக்காரரின் பெயர் வாங்குபவருக்குத் தேவைப்படவில்லை. ஆகவே எவரும் கேட்டு எழுதவில்லை.

இதற்கு நேர்மாறான படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. 1978இல், எனக்குப் பத்து வயதில், யாழ்தேவிக்காகக் காத்திருந்தபோது மாமா எடுத்த படம். இடப்பக்கத்தில் ஐயா, நடுவில் நான், வலப்பக்கத்தில் பனங்கட்டிக் குட்டானுடன் அப்பாச்சி. பின்புறத்தில் ஐயாவின் கையெழுத்தில் மூவரின் பெயரும் திகதியும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாம மக்கள் அனைவரும் ஒரே வீதியால் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அரிசியும் காணி உறுதியும் எங்களுடன் வந்தன; அல்பம் வரவில்லை. 1902இல் முதற் பாதை ஓடிய அதே சாவகச்சேரித் திசையில்தான் அன்று நடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பாதையை மறுபடி போட முடிந்தது. தபாலட்டைகளும் எங்கோ ஒரு வெளிநாட்டுச் சேகரிப்பில் பத்திரமாக இருக்கும். அப்பாச்சியின் ஒரே படம் மட்டும் எங்கும் இல்லை.

வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் பழைய படங்கள் எஞ்சியிருந்தால், முதியவர்கள் இருக்கும்போதே அவர்களருகில் அமர்ந்து பெயர்களைக் கேளுங்கள். மை ஊறாதபடி பென்சிலால் மெதுவாகப் பின்புறத்தில் எழுதிவையுங்கள். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள். வரலாறு எழுத வருபவன் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.