தர்பூசணி வண்டியில் வந்த ஜாஸ்

சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் சந்துகளில் 1940-களில் தர்பூசணிக்காரர் குதிரை வண்டியில் வருவார். கல் பாவிய தரையில் சக்கரம் தடதடவென்று உருளும். வீட்டுப் பெண்கள் உள்ளிருந்தே குரலை இழுத்து அவரைக் கூப்பிடுவார்கள். இதைக் கேட்டு வளர்ந்த சிறுவன் ஹெர்பி ஹான்காக், 22 வயதில் அந்தச் சக்கரச் சத்தத்தைப் பியானோவுக்கும் கூவலை ஊதுகருவிகளுக்கும் கொடுத்து ஒரு மெட்டுப் போட்டார். பெயர் 'வாட்டர்மெலன் மேன்'. 1962-ல் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பம் 'டேக்கின் ஆஃப்' இந்த மெட்டோடுதான் தொடங்குகிறது.

பாப் கேட்டு வளரும் பிள்ளைகளை ஜாஸ் பக்கம் இழுத்து வந்தது யார் என்று தேடிப்போனால், பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஒரே ஆள் எதிர்ப்படுகிறார்.

1930-களில் இப்படி யாரும் இழுத்து வர வேண்டியிருக்கவில்லை. அன்று ஜாஸ்தான் பாப். ட்யூக் எலிங்டன், பென்னி குட்மன் குழுக்களின் வாசிப்புக்கு அமெரிக்க இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். 1940-களின் நடுவில் பீபாப் வந்தது. வேகம் கூடியது, மெட்டு சிக்கலானது, ஆடியவர்கள் உட்கார்ந்து கேட்கும் ரசிகர்களானார்கள். அடுத்த பத்தாண்டில் ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டது. 1964 மே மாதம் 62 வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 'ஹலோ, டாலி!' பாட்டால் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கினார் என்பது உண்மைதான். ஆனால் அது விதிவிலக்கு.

ஹான்காக்கின் கதைக்கு வருவோம். 1962-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் இரவு விடுதி. கூட்டம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. கியூபாவிலிருந்து வந்த காங்கா மேளக் கலைஞர் மோங்கோ சாண்டாமரியாவின் குழுவுக்கு ஆள் குறைந்ததால், ஹான்காக் மாற்று ஆளாகப் பியானோ வாசிக்கப் போயிருந்தார். அவருக்கு அண்ணன் மாதிரி இருந்த ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டும் அங்கே வந்திருந்தார். இடைவேளைப் பேச்சு கியூபத் தாளத்துக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவைப் பற்றிப் போனபோது, "உன் தர்பூசணி மெட்டை வாசித்துக் காட்டு" என்கிற பொருளில் பேர்ட் தூண்டினார். ஹான்காக் தொடங்கினார். காங்கா சேர்ந்தது, குழுவினர் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மேசைகளைச் சுற்றி இருந்த கொஞ்சப் பேரும் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். சாண்டாமரியா அதை இசைத்தட்டாக்கினார். 1963-ல் அது அமெரிக்க பாப் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது.

மெட்டின் பதிப்புரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாதே என்று ஹான்காக்குக்குச் சொல்லிவைத்தவரும் பேர்ட்தான். அந்தப் பேச்சைக் கேட்டதால் வந்த பணத்தில் இளைஞர் ஒரு கோப்ரா பந்தயக் கார் வாங்கிவிட்டார். ஜாஸ் கலைஞர்களில் இப்படி அதிர்ஷ்டம் வாய்த்தவர்கள் குறைவு.

1963-ல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனால் வழக்கமான பியானோவைக் காணோம். மூலையில் ஒரு மின் பியானோ மட்டும் நின்றது. அதை வாசி என்றார் டேவிஸ். பொம்மைக் கருவி என்று மனத்துக்குள் முகம் சுளித்தவர், தொட்ட மாத்திரத்தில் அதன் ஒலியில் விழுந்தார். பிறகு அவரே நடத்திய மின்னிசைக் குழு, பரிசோதனை பரிசோதனையாகச் செய்து, விமர்சகர்களின் பாராட்டையும் பெரும் நஷ்டத்தையும் சேர்த்துச் சம்பாதித்தது. 1973-ல் குழுவைக் கலைத்துவிட்டு, தான் விரும்பிக் கேட்ட ஸ்லை ஸ்டோனின் ஃபங்க் என்ற ஆட்ட இசைப் பாணிக்குத் திரும்பினார். அந்த ஆண்டு வந்தது 'ஹெட் ஹன்டர்ஸ்'.

ஆல்பத்தில் நான்கே உருப்படிகள். முதலாவதான 'கமீலியன்' 15 நிமிடம் ஓடுகிறது. அதன் பேஸ் வரியை வாசிப்பது கிட்டார் அல்ல, ஹான்காக்கின் கையிலுள்ள சிந்தசைசர். இரண்டாவது, அதே பழைய தர்பூசணி. ஆனால் அடையாளம் தெரியாது. தாளக் கலைஞர் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலின் வாயில் ஊதுகிறார். ஊதலுக்கும் ஊதலுக்கும் நடுவே வாயால் ஒரு சுரம் பாடுகிறார். நடு ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள் குழலோடு குரல் கலந்து வாசிக்கும் முறை அது. அவர் அதைப் பிடித்தது ஓர் இனவியல் இசைத்தட்டிலிருந்து. ஃபங்க் கேட்டு ஆட வந்த பையன் கால் மணி நேரம் மனோதர்ம வாசிப்பைக் கேட்டுவிட்டு, அலுப்புத் தெரியாமல் தட்டைத் திருப்பிப் போட்டான். ஜாஸ் உலகில் அதுவரை காணாத விற்பனை அது. காசுக்காக விலைபோனார் என்று பழைய ரசிகர்கள் திட்டினார்கள்.

பத்தாண்டு கழித்து 1983-ல் வந்தது 'ராக்கிட்' என்ற உருப்படி. இதில் கிராண்ட்மிக்சர் டி.எஸ்.டி. என்ற டிஜே இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஒலி, தனி வாத்தியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கறுப்பினக் கலைஞர்களை இசை வீடியோத் தொலைக்காட்சியான எம்டிவி அரிதாகவே காட்டிய காலம். எனவே வீடியோ முழுக்க இயந்திர பொம்மைகள் கை கால் ஆட்ட, ஹான்காக் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டும் தெரிகிறார். தந்திரம் பலித்தது, 1984-ல் நடந்த முதல் எம்டிவி வீடியோ விருது விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன.

அவர் குழுவில் வாசித்து வளர்ந்த ட்ரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸே ஜாஸை இப்படிப் பாப் பக்கம் கொண்டுபோவதற்கு எதிராகக் கிளம்பினார். 1985-ல் ஒரு பத்திரிகை உரையாடலில் இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். ஜாஸ் ஒரு செவ்வியல் கலை, அதன் இலக்கணத்தை முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்பது மார்சாலிஸின் கட்சி. பேச்சோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1987-ல் தொடங்கிய ஜாஸ் கச்சேரிகளை ஒரு நிறுவனமாக வளர்த்தார். பிள்ளைகளுக்குத் தனிக் கச்சேரி நடத்தினார். எலிங்டனின் இசைக் குறியீடுகள் பள்ளிக் குழுக்களுக்கு இலவசமாகப் போயின. பெரிய தொண்டு இது. ஆனால் அங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கையில் வாத்தியம் வைத்திருந்தவர்கள். வானொலியில் பாப் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழி 1993-ல் லண்டனிலிருந்து வந்தது. அஸ்3 என்ற குழு, ப்ளூ நோட் இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை அனுமதி கேட்காமலே எடுத்து ராப் பாட்டு செய்துகொண்டிருந்தது. விஷயம் நிறுவனத்துக்குத் தெரிந்தது. வழக்கு வரும் என்று பார்த்தால், மொத்தக் களஞ்சியத்தையும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வந்தது. அப்படிப் பிறந்த 'கேன்டலூப்' அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. அதன் முதுகெலும்பு, ஹான்காக் 1964-ல் பதிவு செய்த 'கேன்டலூப் ஐலண்ட்'. அதுவும் பழம்தான், முலாம்பழ வகை!

ராப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மெட்டிலேயே இருக்கிறது. மூன்றே சுரக்கூட்டுகள் (கார்டு). பியானோவின் அந்தச் சின்ன வரி விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. பல்லவி வரியைப் பிடித்துக்கொண்டு பாடகர் நிரவல் செய்வதுபோல, அந்த வரியின் மேல் ஃப்ரெடி ஹப்பர்டின் கார்னெட் விருப்பம்போல் அலைகிறது. கேட்பவர் எங்கேயும் தொலைந்துபோவதில்லை.

வந்தவர்கள் எல்லாரும் தங்கினார்களா? இல்லை. 'ராக்கிட்' வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஹான்காக்கின் ஜாஸ் ஆல்பமான 'மெய்டன் வோயேஜ்' பக்கம் போயிருக்க மாட்டார்கள். ஆனாலும் கதவு மூடவில்லை. பாடகி ஜோனி மிட்செல்லின் பாட்டுகளை வைத்து ஹான்காக் செய்த 'ரிவர்', 2008-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. ஜாஸுக்கு அந்த விருது கிடைத்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று ஐஸ்லாந்துப் பாடகி லௌஃபே, பிரேசிலின் பாசா நோவா தாளத்தில் காதல் புலம்பல்களைப் பாடி இளையவர்களைச் சேர்க்கிறார். அவருடைய 'பிவிட்ச்ட்' 2024-ல் கிராமி வென்றது.

வீட்டில் பாப் மட்டும் கேட்கும் பிள்ளை இருந்தால் வரலாறு சொல்ல வேண்டாம். முதலில் அஸ்3-இன் பாட்டைப் போடுங்கள். அது முடிந்ததும், ஒன்றும் சொல்லாமல், 1964-இன் 'கேன்டலூப் ஐலண்ட்'டைப் போடுங்கள். அது ஐந்தரை நிமிடம்தான்.