உடைமையும் அனுமதியும்: யூனிக்ஸ் கோப்புக் காவலின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கணினியிலே கோப்பொன்றைத் திறக்க முயல்பவருக்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் விடை கிடைக்கும்போது, அதனை இயந்திரத்தின் இயல்பென்றே பலரும் கொள்வர். உண்மையில் அது ஒரு சமூக உறவின் வெளிப்பாடாகும். அவ்வுறவின் தோற்றத்தை வரலாற்று அடிப்படையில் நோக்குதல் பயனுடைத்து.

1961 இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோவின் குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். விலைமிக்க இயந்திரமொன்றைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த அது வழிவகுத்தது. பகிர்வு ஏற்பட்டதும் எல்லைகள் தேவைப்பட்டன, கடவுச்சொல் புகுந்தது. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையாற் கடவுச்சொற் கோப்பையே அச்சிடுவித்துப் பெற்றுக்கொண்டார். காவலும் மீறலும் ஒரே பற்றாக்குறையிற் பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969 இல் தொடங்கிய யூனிக்ஸ் இவ்வுறவை ஒழுங்குபடுத்தியது. 1971 ஆம் ஆண்டின் முதற் கையேட்டில் உரிமையாளர், பிறர் என இரு பிரிவினரே இருந்தனர். 'குழு' என்னும் இடைநிலை பின்னரே சேர்ந்தது. வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் மூவகையினருக்கும் தனித்தனியே வகுக்கப்பட்டன. ஆயினும் கோப்பை அழிக்கும் அதிகாரம் அக்கோப்பின் அனுமதியிலே தங்கவில்லை. அது அடங்கியுள்ள கோப்புறையில் எழுதும் அனுமதியிலேயே தங்கியுள்ளது. பிறர் காணியில் வீடு கட்டியவரின் நிலையை இது நினைவூட்டும். அனைவருக்கும் மேலாக 'றூட்' எனப்படும் மீயுயர் பயனர் நிற்கிறார். இவ்வனுமதிகள் அவரைக் கட்டுப்படுத்தா.

தமது கடவுச்சொல்லை மாற்றுவதற்குக்கூடச் சாதாரண பயனர் றூட்டுக்குரிய கோப்பில் எழுதவேண்டியிருந்தது. அதிகாரத்தை ஆளுக்கன்றிக் குறிப்பிட்ட நிரலுக்கு இரவல் கொடுப்பதே இதற்கு றிச்சி கண்ட வழி. 1979 இற் காப்புரிமை பெற்ற அம்முறை பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

சில யூனிக்ஸ் முறைகளில் 'வீல்' என்னும் குழுவினர் மாத்திரமே 'சு' நிரலின் மூலம் றூட்டாக மாறலாம். 1983 இற் குனூ திட்டத்தை அறிவித்த றிச்சட் ஸ்ரோல்மன், குனூவின் 'சு' இவ்விதியை ஏற்காமைக்குக் காரணம் காட்டி எழுதினார். றூட் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் ஏனையோர் பக்கம் நின்று அதனை வெளிப்படுத்தினால், அவர்கள் அதனைப் பயன்படுத்தக்கூடியவராயிருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். இந்த ஜனநாயக உணர்வு மதிக்கத்தக்கதே. எனினும் ஆளுவோரிடையேயுள்ள அனுதாபி ஒருவரின் உதவி அதிகார அமைப்பை மாற்றிவிடாது.

இன்று இயந்திரம் மலிந்துவிட்டது. இருந்தும், லினக்ஸ் கருவின் மீதமைந்த அன்ட்றொயிட் தொலைபேசியை விலைகொடுத்து வாங்கியவர் பெரும்பாலும் அதன் றூட் ஆகார். தீய நிரல்களிலிருந்து காவல் தேவை என்பது உண்மையே. ஆனால் அக்காவலின் திறவுகோல் பயன்படுத்துவோரிடம் இல்லாதவிடத்து, பழைய பற்றாக்குறையைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. உற்பத்திச் சாதனத்தின் மீதான கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்ற வினாவே அங்கு எழுகின்றது.